உருகாமலே ஒட்டுவது

அவள் பூசிய மூடியை மூன்றாவது தடவையும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள் நாத்தனார்.

ஹெலிகாப்டரின் கியர் பெட்டி மூடி அது. அரித்துப்போன இடத்தில் அலுமினியப் பொடியைப் பீய்ச்சி நிரப்புவது அவள் வேலை. பூச்சு பிடித்திருக்கிறதா என்று, கூடவே பூசிய மாதிரித் தகட்டை இழுத்துப் பார்ப்பது நாத்தனார் வேலை. அவளுக்கு இந்தத் தொழிலைப் பழக்கிவிட்டதும் நாத்தனார்தான்.

பதிவேட்டில் யார் பெயரில் மூன்று சிவப்புச் சீட்டு ஏறினாலும் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

பொடி பீய்ச்சும் அந்தக் கண்ணாடி அறையை விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காதடைப்பானை மாட்டினால் உலகம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். கையிலிருக்கும் துப்பாக்கியிலிருந்து பொடி சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும். உருகாது, நெருப்பு கிடையாது. மோதுகிற வேகத்திலேயே உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் வெள்ளிப் பனி மாதிரி ஒரு மினுமினுப்பு. பார்த்துக்கொண்டே நின்றால் கால் தரையில் இல்லாத மாதிரி இருக்கும். இந்த மூடி எந்த வானத்துக்குப் போகுமோ என்று நினைப்பும் கூடவே பறக்கும்.

அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கும்படி கணவனிடம் சொன்னாள். போனவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். சொந்தமெல்லாம் வீட்டோடு சரி, அதில் ஆள் உட்கார்ந்து பறக்கப் போகிறான் என்று சொல்லிவிட்டாளாம்.

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“கையைப் பாத்து வேலை செய்யச் சொல்லு, பனியைப் பாக்க வேணாம்னாங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று அன்று முழுக்கப் பொருமித் தீர்த்தாள்.

மறுநாள் வீம்புக்கென்றே கையை மட்டும் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. மினுமினுப்பைப் பார்க்கத் தோதாக, தன்னை அறியாமல் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். சாய்ந்தால் பொடி சரியாகப் பிடிக்காமல் தெறித்துப் போய்விடும். நேராகப் பிடித்தாள். சாயங்காலம் பச்சைச் சீட்டு வந்தது.

இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. பேக்கிங்குக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்க மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “உன் பேர்ல ஒண்ணும் ஏறலையேம்மா.”

“மூணு தடவை திரும்பி வந்துச்சே சார்.”

அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘தவறு யாருடையது’ என்ற கட்டத்தில், மூன்று முறையும் நாத்தனாரின் குண்டு குண்டான எழுத்து.

‘என்னுடையது. சரியாகப் பழக்காமல் விட்டவள் நான்.’

அவள் தலை நிமிர்வதற்குள் அவர் சொன்னார்: “பேக்கிங்குக்கு நாளையிலேர்ந்து அவங்கதான் போறாங்க.”