இரவல் தொப்பி

"மெதுவாப் படி ஓஸ்மோ. நான் தொப்பியை மாத்தி முடிக்கிற வரைக்கும் நிறுத்தாதே."

"இருக்கறதே ரெண்டு வரி. அதை எவ்வளவு நேரம் படிக்கறது?"

இருவரும் மலர்வளையத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் சவப்பெட்டி. அதற்குள் அவர்களுடைய பேராசிரியர் வில்யோ. அதன் மேல் மர்யுக்காவின் தொப்பி.

கறுப்புப் பட்டுத் தொப்பி, நெற்றியில் தங்க முத்திரை. முனைவர் பட்டம் வாங்கியபோது அவள் செய்துகொண்டது. பதினான்கு வருடமாக அதை அவர்தான் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டு வழக்கப்படி, யாராவது ஆய்வேட்டுத் தேர்வுக்கு நின்றால், நடத்துகிற பேராசிரியரும் கேள்வி கேட்க வந்த தேர்வாளரும் தங்கள் தொப்பியை மேசைமேல் வைக்க வேண்டும், முத்திரை சபையைப் பார்க்கும்படி. தலையில் வைக்கத் தேவையில்லை. ஆகவே யாருடைய தொப்பியானாலும் சரிதான்.

"மர்யுக்கா, நாளைக்கு உன் தொப்பியைக் கொண்டா. என்னோடதை நாய் கடிச்சிடுச்சு" என்று தொலைபேசியில் கூப்பிடுவார். அடுத்த முறை அதே தொப்பி ஏரியில் விழுந்திருக்கும். அதற்கடுத்த முறை தாம்பெரே ரயிலில் போயிருக்கும். இப்படி வாய் கூசாமல் புளுகுகிற மனிதர் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

அப்போது அவள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாள். பாசிகளைப் பற்றி ஆராய்ந்தவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அரைநாள் விடுப்பு போட்டு, முணுமுணுத்துக்கொண்டே தொப்பியைச் சுமந்து வருவாள். திரும்ப எடுத்துப் போக வேண்டுமே என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தவளுக்கு வாய் சும்மா இருக்காது. தேர்வு முடிந்து நடக்கும் விருந்தில் நாலு கேள்வி கேட்பாள். "இதை எழுதிக் குடேன்" என்பார் அவர். எழுதி எழுதி, ஒருநாள் காப்பீட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை துர்க்கு நகரில் முதன்முறையாக அவளே தேர்வாளர். வசந்தத்தில் இரவல் போன தொப்பியோ திரும்பி வரவில்லை.

"தொப்பியும் அவரோடயே தகனத்துக்குப் போகட்டும்" என்று அவர் மனைவி சைமி தொலைபேசியில் அழுதபோது, அது உங்கள் கணவருடையது இல்லை என்று சொல்ல மர்யுக்காவுக்கு நா எழவில்லை. அதனால்தான் பையில் இன்னொரு தொப்பி. நாடகக் கடையில் வாங்கிய மந்திரவாதித் தொப்பி, முன்னால் ஒரு பித்தளைப் பொத்தான். மறைப்புக்கு வண்டிச் சக்கரம் போல ஒரு மலர்வளையம்.

துக்கம் உண்மைதான். தொப்பி வேண்டும் என்பதும் உண்மைதான்.

அவர்கள் முறை வந்தது. மர்யுக்கா வளையத்தைச் சாய்த்துக்கொண்டு அதன் பின்னால் குனிந்தாள். ஓஸ்மோ நாடாவில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். "அன்புள்ள வில்யோவுக்கு. என்றும் உங்கள் மாணவர்கள்."

அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. ஓஸ்மோ கனைத்தான். பிறகு, வேறு வழி தெரியாமல், தன் ஆய்வேட்டிலிருந்த பாசிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பதினோராவது பாசியில் மர்யுக்காவின் கைக்குத் தொப்பி வந்தது. கவிழ்த்து உள்ளே பார்த்தாள்.

பட்டு உள்துணியில் பெயர் தைத்திருந்தது. வில்யோ ரந்தகாரி, 1976.

நாய் கடித்த தடம் இல்லை. ஏரித் தண்ணீர் பட்ட கறை இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்தாள், முத்திரை சபையைப் பார்க்கும்படி. வளையத்தைக் கீழே சாய்த்துவிட்டு ஓஸ்மோவின் காலை மிதித்தாள். பாசிகள் நின்றன.

இருவரும் பெட்டிக்குத் தலைவணங்கி, வழக்கப்படி குடும்பத்தாரின் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் சைமி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். மர்யுக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"உன் தொப்பி எங்க வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு. வியாழக்கிழமை வந்து எடுத்துக்க" என்றாள். "சனிக்கிழமை மறக்காம என்கிட்ட திருப்பிக் கொண்டாந்துடணும். காபி போட்டு வைக்கிறேன்."