திரும்பி வராத சாட்சி

கறிக்கடை வாசலில் இருந்த கம்பிக் கூண்டுக்குள் கொண்டை பெருத்த சேவல் ஒன்று காலையிலிருந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்தது. கடைக்காரர் தூக்கிப் போகிற கோழிகள் எல்லாம் பெரிய சோளக்காட்டுக்குப் போகின்றனவாம். அங்கே இடநெருக்கடி இல்லையாம், தீவனத்தில் மருந்து நாற்றம் இல்லையாம்.

கழுத்து மொட்டையான ஒரு கோழிக்கு மட்டும் எரிச்சல் தாங்கவில்லை.

"நீங்க பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தாத்தான் நம்புவியா? போனதுல ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? அங்க ஒரு குறை இருந்தா வந்திருக்காதா?"

கூண்டே தலையாட்டியது. ஆட்டுவதற்கு மட்டும்தான் இவற்றுக்குத் தலை இருக்கிறது என்று கோழி நினைத்துக்கொண்டது.

"உள்ளே கத்திச் சத்தம் கேக்குதே, அது என்ன?"

"அது சோளக்காட்டு வாசக்கதவு திறக்கிற சத்தம்," என்றது சேவல், கொஞ்சமும் கூசாமல்.

அந்நேரம் கூண்டுக் கதவு திறந்து, கடைக்காரரின் கை உள்ளே வந்தது. சேவல் ஒரே தாவில் எல்லாக் கோழிகளுக்கும் பின்னால் போய்ப் பதுங்கியது.

"ஏண்ணே, சோளக்காடு வேண்டாமா?"

"எனக்கென்னம்மா, எப்ப வேணா போவேன். இருக்கிறவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

கோழிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கை அதன் காலைப் பிடித்து வெளியே இழுத்தது.

தலைகீழாகத் தொங்கியபடி தராசுக்குப் போகும்போது, பின்னால் சேவலின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னமா கேள்வி கேட்டா, பார்த்தீங்கல்ல? அவளே திரும்பி வரமாட்டா, பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"