கலப்பு இரட்டையர்

ஸ்கீவ என்ற ஐரோப்பிய நகரின் பட்மின்டன் போட்டி, 1989. கலப்பு இரட்டையர் இறுதியாட்டத்தின் கடைசிப் புள்ளியில் பந்து நேராக நவமோகனின் தலைக்கு மேல் வந்தது. அவர் மட்டையை உயர்த்தவேயில்லை. பந்து பின்னால் விழுந்தது. கோப்பை போயிற்று.

"ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்று கேட்டாள் அவரோடு ஆடிய பெனடிக்ரா.

"'எனக்கு விடுங்கோ' எண்டு குரல் கேட்டது."

"நான் வாயே திறக்கேல்லை!"

"உம்மட குரல் இல்லை. என்ர மனிசி சாந்தரூபி. யாழ்ப்பாணத்தில சோடியா விளையாடேக்க அப்பிடித்தான் கத்துவா."

பெனடிக்ராவின் கோபம் தணிந்தது. மனைவியை இந்த நாட்டுக்கு அழைக்க அவர் இரண்டு வருடமாக அனுமதிக்குக் காத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"கவலைப்படாதேங்கோ. இப்ப எங்கட ஆக்களுக்குக் குடுக்கத் தொடங்கிட்டினமாம். அடுத்த வருசம் அக்காவோட விளையாடுவீங்கள்."

"அனுமதி இண்டைக்குக் காலமை வந்திட்டுது."

"பிறகென்ன! அக்காவுக்குச் சொல்லிட்டீங்களே?"

"அவ போன வருசம் ஷெல் விழுந்து செத்துப்போனா, தங்கச்சி."

பெனடிக்ரா திகைத்துப்போனாள். "அப்ப ஏன் குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்கேல்லை?"

"அறிவிச்சிருந்தா விண்ணப்பத்தை மூடியிருப்பினம். அது திறந்து கிடக்கும் வரைக்கும் அவ வரப்போறா எண்டுதான் நானும் இருந்தனான்."

அவர் வியர்வையைத் துடைத்தார்.

"இனி நாளைக்குப் போய்ச் சொல்லத்தான் வேணும், அவ வரமாட்டா எண்டு."