முகத்துக்கு நேரே

பாட்டின் வரிகள் செவ்வந்தி எழுதியவை. வீடியோவில் மட்டும் ‘வரிகள், குரல்: துருவன்’ என்று வரப்போகிறது. ஏனென்று அவள் கேட்டதற்கு, “லைட் பிடிக்கிறவங்க பேரும் கடைசியில வரும், கவலைப்படாத” என்று சிரித்திருந்தான் துருவன்.

கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்து அவன் அந்தப் பிரிவுப் பாட்டைப் பாடினான். அவள் எல்இடி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

“அவன் மூஞ்சி வெளிச்சமில்லாம செத்துக் கிடக்கு. பக்கத்துல போ, செவ்வந்தி” என்றான் கேமரா பிடித்த ஜெரோம்.

போனாள். துருவனின் கண்கள் கூசிச் சிவந்து நீர் கோத்தன.

“எரியுதுடி, தள்ளிப் பிடி!”

“டேய், தொடைக்காத! நிஜமாவே அழுற மாதிரி இருக்கு” என்று கத்தினான் ஜெரோம். “செவ்வந்தி, அப்படியே நில்லு.”

அவள் நிற்கவில்லை. இன்னும் ஓரடி நெருங்கினாள்.

“முதல் வரியிலேருந்து பாடு” என்றாள்.