பையோடு ஒரு நாள்

சட்டை நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு கண்ணாடி முன் நின்றார் மேனேஜர். தொப்புளுக்கு வலப்பக்கம் குத்துமதிப்பாக ஓர் இடம் பார்த்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை ஒட்டினார்.

கட்டிப் பழகினால் பயம் போகும் என்று நர்ஸ் கொடுத்தனுப்பிய ஒத்திகைப் பை அது. மூத்திரப்பையில் புற்றுநோய். அதை எடுத்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் வயிற்றுக்கு வெளியேதான் பை என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாயிற்று. "நாள் கடத்தினா கையை மீறிடும்" என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் ஒரே அழுகை, பிடிவாதம்.

"இதோட ஆபீஸ் போய் நாலு பேர் மத்தியில நின்னு பாருங்க. அப்பத் தெரியும்" என்றாள் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது.

அலுவலகத்தில் எப்போதும் தொப்பை முன்னே வரும், அவர் பின்னே வருவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இன்று ஃபைலால் வயிற்றை மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஊர்ந்தார். லிஃப்டில் யாரோ உரசியபோது உயிர் போய்த் திரும்பி வந்தது.

கூட்டத்தில், ஊழியர்களின் கட்டுப்பாடு பற்றி முழங்க எழுந்தார். மேசை விளிம்பு இடித்தது. தொடைவரை சில்லென்று இறங்கியது.

கணக்காளர் எட்டிப் பார்த்தார். "சார்... பேண்ட்டு..."

"தண்ணிய்யா! வெறும் தண்ணி!"

அந்த அலுவலகத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

மாலையில் மனைவி வாசலிலேயே மறித்தாள். "யாருக்காவது தெரிஞ்சுபோச்சா?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். வரவில்லை. "எல்லார் முன்னாடியும் ஒழுகிடுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறமென்ன, துடைச்சிட்டு, திரும்பத் தண்ணி ரொப்பி ஒட்டிக்கிட்டு, விட்ட இடத்துலேர்ந்து பேசினேன்."

"சிரிச்சிருப்பாங்களே!"

"சிரிச்சாங்க. மானம் போச்சு." சட்டைமேல் பையைத் தட்டிக்காட்டினார். "உயிர் போகலையேம்மா."

சட்டைக்குள் புடைத்திருந்த பையை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சரி, டாக்டருக்குப் போன் போடுங்க. என் வயித்தைக் கிழிச்சுக்கட்டும்."