பச்சைவால் தட்டான்

"தனியா வாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

காலையில் கணவனின் ஃபோனில் பார்த்த இந்த ஒரு வரிதான் அவளை அவன் பின்னாலேயே ஆற்றங்கரைவரை விரட்டிக்கொண்டு வந்திருந்தது. வழியிலேயே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "மாடி ரூமை ஒழிச்சு வை. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

கோடை முடிந்து நாணல் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. சேற்றில் மாட்டிய செருப்பை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். வேறு வேலைக்கும் உதவும் என்று ஒரு எண்ணம்தான்.

நாணலுக்கு நடுவே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கணவன். இன்னொன்று, அவனோடு தட்டான் கணக்கெடுக்கும் மியூசியத்துப் பெண். இவள் செருப்போடு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நல்லா இருக்குங்க நீங்க தட்டான் தேடற லட்சணம்!"

இரண்டு பேரும் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்கள்.

"கத்தித் தொலைக்காத. பச்சைவால் தட்டான். வருஷத்துல இந்த ரெண்டு வாரம்தான் பறக்கும்" என்றான் கணவன்.

"அக்கா, சார் மேல தப்பில்ல. நான்தான் வெளியில சொல்ல வேண்டாம்னு சாருக்கு மெசேஜ் போட்டேன். தெரிஞ்சா ஊரே கேமராவோட வந்து நிக்கும்" என்றாள் அந்தப் பெண். மூச்சுக்கு மூச்சு சார். பேசிக்கொண்டே கணவனின் பையைத் திரும்பிப் பார்க்காமலே கைநீட்டி, ஓர ஜிப்பைத் திறந்து, லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்தாள்.

இவளுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, 'ரூம் வேண்டாம்ணே. நான் ஒரு லூசு' என்று அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினாள்.

பிறகு அவளும் சேர்ந்து தேடினாள். நாணல் அசைந்தால் எழுந்தார்கள், தண்ணீர் சலசலத்தால் குனிந்தார்கள். ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வெயில் இறங்கிக்கொண்டே போனது. இன்றைக்கும் இல்லை போலிருக்கிறது என்று கணவன் பெருமூச்சு விட்டபோது, பச்சையாக ஏதோ மின்னி மறைந்தது.

மூவரும் அப்படியே நின்றார்கள். மியூசியத்துப் பெண் கேமராவைக் கண்ணில் வைத்து மெதுவாகக் கணவன் பக்கம் திருப்பினாள். ஆற்றை மறந்தாள், அக்காவை மறந்தாள், சந்தோஷத்தில் குரல் கிசுகிசுத்தது:

"என்னங்க… அசையாதீங்க. உங்க தோள்மேலதான் உட்கார்ந்திருக்கு!"