கிணற்றுக்கு அந்தப் பக்கம்

“ரெண்டு பேரையும் பிரிச்சிடாதீங்க சிஸ்டர், புண்ணியமாப் போவும்!” தேவநாதன் கையெடுத்துக் கும்பிட்டான்.

திண்டிவனத்து முதியோர் இல்லத்தில் அதுதான் சட்டம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஆம்பளைகள், அந்தப் பக்கம் பொம்பளைகள். அது தெரியாமல் அப்பா அம்மாவை விழுப்புரத்திலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டான் மனுஷன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மெட்ராஸில் பல்லவன் பஸ் கண்டக்டர், ஒண்டிக் குடித்தனம், ஒரே ரூம், மூணு பிள்ளைகள்.

அப்பா தாண்டவராயன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அம்சா நின்றுகொண்டிருந்தாள். புருஷன் எதிரில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“தண்ணி” என்றார். சொம்பு நீண்டது.

“வெந்நி இல்லியா?”

அம்சா மறுபேச்சில்லாமல் சமையல்கட்டைத் தேடிப் போய் வாங்கிவந்தாள்.

“பாத்தீங்களா சிஸ்டர்? எங்கம்மா கால் புடிச்சி உட்டாத்தான் அவருக்குத் தூக்கமே வரும். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் பிரிஞ்சி இருந்ததில்ல. வேற எடம் பாத்தேன், அம்மா ஒத்துக்கல. போன மாசம், இங்க இருக்கற எங்க ஊரு பாஞ்சாலி அக்காவைப் பாக்க வந்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான், இங்கயே சேத்துடுப்பான்னு சொன்னாங்க.”

“நாங்க நல்லாப் பாத்துக்குவோம். ஆனா ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்கே” என்றார் சிஸ்டர்.

தாண்டவராயனுக்கு வந்ததே கோபம்! “அப்ப எனக்கு சோறு போடறது யாரு? கெளம்புடி, ஊருக்கே போலாம்.”

“ஊட்டைக் காலி பண்ணியாச்சேப்பா” என்றவன், பெஞ்சுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பெற்றவர்களை இப்படிக் கொண்டுவந்து விட நேர்ந்ததே என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

சிஸ்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அழாதீங்க தம்பி. வாசல் கேட்டாண்ட சின்ன ரூம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் அதுல ஒண்ணாவே இருக்கட்டும். மதர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

தேவநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “கேட்டியாம்மா? இனிமே கவலையில்ல.”

அம்சா முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. துணிமூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ரூம் அவருக்குக் குடுங்க சிஸ்டர். தனியா இருக்கலாம்னுதான் நான் வந்தேன்.”